சந்தாப் பதிவேடும் தபால் பையும்

புதுச்சேரி நேரு வீதியில் ஏதேனும் ஒரு கடைக்குச் சென்று பொருள் வாங்கிப் பணத்தை நீட்டுங்கள். கல்லாவில் இருப்பவர், "உங்க போன் நம்பர் சொல்லுங்க சார், மெயில் ஐடி இருந்தா அதையும் கொடுங்க" என்பார். நாமும் சொல்லிவிட்டு வருகிறோம். இப்படியே சில ஆண்டுகளில் அந்தக் கடையில் ஆயிரம், இரண்டாயிரம் முகவரிகள் சேர்ந்துவிடுகின்றன. தீபாவளிக்கு ஒரு முறையும் பொங்கலுக்கு ஒரு முறையும் கடைக்காரர் அத்தனை பேருக்கும் தள்ளுபடி அறிவிப்பு அனுப்புகிறார். பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "பட்டியல் இருக்கிறது, பலன்தான் இல்லை" என்று அவர் சலித்துக்கொள்கிறார்.

கையில் உள்ள முகவரிப் பட்டியலுக்கு உயிர் தருவது எது? இக்கேள்வி கணிப்பொறியோடு பிறந்தது அன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இதே புதுச்சேரியில், ஒரு சிறு வார இதழ் இக்கேள்விக்குத் தன் வாழ்வாலும் முடிவாலும் விடை கூறியது. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

தபால் தந்த புது வசதி

முகவரிப் பட்டியலை வைத்து வாணிகம் செய்ய வேண்டுமானால் முதலில் நம்பத்தக்க தபால் வேண்டும். இந்தியாவில் 1854ஆம் ஆண்டில் தொலைவைக் கணக்கில் கொள்ளாமல் எடையைப் பொறுத்தே கட்டணம் விதிக்கும் முறை வந்தது. மதுரையிலிருந்து பக்கத்து ஊருக்கு அனுப்பினாலும் கல்கத்தாவுக்கு அனுப்பினாலும் ஒரே கட்டணம்தான். 1877இல் வி.பி. முறை தொடங்கியது. தபால்காரர் பொருளைக் கொடுத்து, அதன் விலையை வாங்கி, அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு இது. 1879இல் காலணா அஞ்சலட்டை வந்தது. 1880இல் தபால் நிலையங்களில் மணியார்டர் வசதி தொடங்கியது.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பொருள் போவதற்கு வழி, பணம் வருவதற்கு வழி, வாங்கியவர் தம் கருத்தைக் காலணாச் செலவில் எழுதுவதற்கு வழி ஆகிய மூன்றும் இவற்றால் அமைந்துவிட்டன. எங்கோ ஒரு கிராமத்தில் இருப்பவரும் சென்னைப் பத்திரிகைக்கு வாடிக்கையாளர் ஆக முடிந்தது.

ஏறத்தாழ இதே காலத்தில், 1872இல், அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆரன் மாண்ட்கமரி வார்டு என்பவர் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு உழவர்களுக்கு அனுப்பித் தபால் வாணிகத்தைத் தொடங்கினார். முகம் தெரியாத வணிகரிடம் முன்பின் பார்க்காத பொருளை வாங்க உழவர்கள் தயங்கினர். சில ஆண்டுகளில் வார்டு ஓர் உறுதி அளித்தார்: பொருள் பிடிக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும். அதன்பின் வணிகம் வேகமாக வளர்ந்தது. ஆக, வணிகரும் வாங்குபவரும் நேரில் பார்க்காத வாணிகத்தில் நம்பிக்கையே முதல் சரக்கு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஊர் மாறிய பத்திரிகை

இனி நம் கதைக்கு வருவோம். 1906ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் 'இந்தியா' என்னும் தமிழ் வார இதழ் பிறந்தது. அதன் உரிமையாளர் மண்டயம் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். என். திருமலாச்சாரியார். ஆசிரியர் பணியைச் செய்தவர் சுப்பிரமணிய பாரதியார். ஆயினும் அரசாங்கப் பதிவில் ஆசிரியராக இருந்தவர் மு. சீனிவாசன் என்பவரே.

1908ஆம் ஆண்டு தமிழகத்தில் அடக்குமுறை கடுமையானது. மார்ச் மாதம் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானார். ஜூன் மாதம், வன்முறையைத் தூண்டுவதாகக் கருதப்படும் பத்திரிகைகளின் அச்சகத்தைப் பறிமுதல் செய்ய இடமளிக்கும் சட்டம் வந்தது. 'இந்தியா'வின் பதிவு பெற்ற ஆசிரியர் சீனிவாசன் கைது செய்யப்பட்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அச்சு இயந்திரமும் பின்தொடர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

ஏன் புதுச்சேரி? பிரெஞ்சு நாடு 1881ஆம் ஆண்டு ஜூலை மாதம் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் ஒன்றை இயற்றியிருந்தது. அது குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தியது. பிரிட்டிஷ் இந்தியாவில் சிறைக்கு அனுப்பும் எழுத்தைப் புதுச்சேரியில் அச்சிட முடிந்தது. 1879இலேயே விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்துவிட்டதால் தென்னிந்திய ஊர்களோடு தொடர்பும் எளிதாயிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சகம் எல்லையைத் தாண்டியது. ஆனால் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த தமிழ் மாவட்டங்களிலேயே இருந்தனர். கடை ஊர் மாறிற்று. வாடிக்கையாளர் ஊர் மாறவில்லை. இரண்டையும் இணைத்தவை சந்தாப் பதிவேடும் தபால் பையும் மட்டுமே.

வாசகரைப் பிணைத்தவை

புதிதாக ஆள் சேர்ப்பது ஒரு வேலை. சேர்ந்தவரைப் பிரியாமல் வைத்திருப்பது வேறு வேலை. 'இந்தியா' இரண்டாவது வேலையை எவ்வாறு செய்தது?

முதலாவது, சந்தா விகிதம். 'இந்தியா' எல்லாருக்கும் ஒரே சந்தா வைக்கவில்லை. அரசாங்கங்களுக்கு ஆண்டுச் சந்தா 50 ரூபாய்; ஜமீன்தார்கள், ராஜாக்கள், பிரபுக்களுக்கு 30 ரூபாய்; மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோர்க்கு 15 ரூபாய்; மற்றவர்களுக்கு 3 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ரூபாய் என்பது 48 அணா. ஆண்டுக்கு 52 வாரம். அப்படியானால் சாதாரண வாசகர் ஓர் இதழுக்குக் கொடுத்தது ஓரணாவுக்கும் குறைவு. ஓர் அரசாங்கச் சந்தாவோ பதினாறு சாதாரணச் சந்தாக்களுக்கும் மேல். தன்னை எதிர்க்கும் பத்திரிகையைப் படிக்க விரும்பும் அரசாங்கம் அதற்கு உரிய விலையையும் கொடுக்கட்டும் என்ற குறும்பு இதில் தெரிகிறது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு. பதிவேட்டில் உள்ள பெயர்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல. யார் யார் எந்த நிலையில் உள்ளனர் என்று அறிந்து அதற்கேற்ப நடத்த வேண்டும் என்பதை அந்த நிர்வாகம் உணர்ந்திருந்தது.

இரண்டாவது, படம். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்தைப் புகுத்திய முன்னோடி 'இந்தியா'. முதல் பக்கத்திலேயே பெரிய சித்திரம் இருக்கும். அதன் பொருளை விளக்கும் குறிப்பும் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும், படிக்கத் தெரியாமல் பிறர் படிக்கக் கேட்பவரும்கூட அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். இந்த வாரம் என்ன படமோ என்ற ஆவல் அடுத்த இதழை எதிர்பார்க்கச் செய்யும். ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இச்சித்திரங்களைத் தொகுத்து 1994இல் நூலாக வெளியிட்டார்.

மூன்றாவது, மொழி. வாசகரை மன்றத்தில் அமர்ந்து கேட்கும் கூட்டமாகக் கருதாமல், திண்ணையில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவராகக் கருதிப் பேசும் எளிய உரைநடையைப் பாரதியார் கையாண்டார். ஒவ்வொருவரும் தம்மிடமே பேசப்படுவதாக உணரக்கூடிய நடை அது.

இரண்டு தபால் நிலையங்கள்

புதுச்சேரியில் அக்காலத்தில் பிரெஞ்சுத் தபால் நிலையமும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையமும் இருந்தது. எந்த நிலையத்தில் போட்டாலும், திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ செல்லும் பை முடிவில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கை வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஒரு வார இதழ் வாசகரை அடையும் வழியைச் சங்கிலியாக எண்ணிப் பாருங்கள். ஆசிரியர், அச்சகம், முகவரி எழுதிய ராப்பர், தபால் பை, ரயில், ஊர்த் தபால் நிலையம், தபால்காரர், வாசகர். பிறகு வாசகரிடமிருந்து கடிதமும் பணமும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் போதும், சங்கிலி பயனற்றதாகிவிடும். ஆசிரியரையும் அச்சகத்தையும் பிரிட்டிஷ் அரசு தொட முடியவில்லை. ஆனால் தபால் பையைத் தொட முடிந்தது.

1910ஆம் ஆண்டு பிப்ரவரியில் புதிய பத்திரிகைச் சட்டம் நிறைவேறியது. ஆட்சேபகரமான பத்திரிகை உள்ளே இருப்பதாக ஐயுற்றால் அஞ்சல் பொதியை நிறுத்தி வைக்கத் தபால் அதிகாரிகளுக்கு இச்சட்டம் அதிகாரம் அளித்தது. இதழ்கள் போவது தடைப்பட்டது. புதுச்சேரிக்கு வரும் கடிதங்களும் மணியார்டர்களும் தடைப்பட்டன. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோயிற்று. பாரதியார் தொடர்பு கொண்டிருந்த 'விஜயா', 'சூரியோதயம்' முதலிய ஏடுகளும் நிலைக்கவில்லை.

பதிவேட்டில் பெயர்கள் அப்படியே இருந்தன. படிக்க விரும்பியவர்களும் இருந்தனர். எழுத வல்லவரும் இருந்தார். ஆனாலும் பத்திரிகை இல்லை. காரணம் என்ன? போக்குவரவு நின்றுவிட்டது. அறிவியலார் இதைப் பின்னூட்டம் என்னும் கருத்தால் விளக்குவர். அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948இல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். வெப்பத்தைச் சீராக வைக்கும் கருவி, தான் சூடேற்றிய அறையின் வெப்பத்தைத் தானே அளந்து அறிந்தால்தான் சரியாக இயங்கும். அளவு திரும்பி வரும் கம்பியை அறுத்துவிட்டால் கருவி குருடாகிவிடும். பத்திரிகைக்கும் கடைக்கும் திரும்பி வரும் கம்பி, வாடிக்கையாளரின் மறுமொழி.

பெயர் என்பது ஒப்படைப்பு

இன்னொரு கோணமும் உண்டு. வார இதழைச் சுற்றிய ராப்பரில் பெறுபவரின் பெயரும் ஊரும் யார் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்கும். அரசுக்கு ஆகாத பத்திரிகை ஒன்று வாரந்தோறும் தம் பெயருக்கு வருவது ஒரு பள்ளி ஆசிரியருக்கோ தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவுக்கோ எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அக்காலத்தில் சந்தாப் பதிவேடு பகைவர் கையில் சிக்கினால் அதுவே குற்றப் பட்டியலாக மாறக்கூடும். தம் பெயரைக் கொடுத்தவர் மூன்று ரூபாயோடு தம் அமைதியையும் சேர்த்தே ஒப்படைத்தார்.

இன்று கடையில் மின்னஞ்சல் முகவரி கொடுப்பவருக்கு அத்தகைய ஆபத்து இல்லை. ஆனால் ஒப்படைப்பு என்னும் இயல்பு மாறவில்லை. ஒரு கடைக்குக் கொடுத்த முகவரிக்கு முன்பின் அறியாத பத்து நிறுவனங்களிலிருந்து விளம்பரம் வரத் தொடங்கினால் நாம் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறோம். அதன்பின் அந்தக் கடையின் நல்ல செய்தியையும் நாம் படிப்பதில்லை. இந்தியா 2023இல் இயற்றிய எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணர்வையே சட்டமாக்குகிறது: ஒருவர் தந்த விவரத்தை அவர் இசைந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும், இசைவைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

ஆறரை ஆண்டு நின்ற மாத இதழ்

அதே புதுச்சேரியில் மற்றோர் எடுத்துக்காட்டும் கிடைக்கிறது. 1910 ஏப்ரலில் புதுச்சேரி வந்த ஸ்ரீ அரவிந்தர், 1914 ஆகஸ்டு 15ஆம் நாள் 'ஆர்யா' என்னும் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். மாதம் 64 பக்கம். படம் கிடையாது, கதை கிடையாது, கனமான தத்துவக் கட்டுரைகள் மட்டுமே. தொடங்கிய வேளையிலோ முதல் உலகப் போர் மூண்டிருந்தது. உடன் தொடங்கிய பிரெஞ்சுப் பதிப்பு சில மாதங்களில் நின்றுவிட்டது. ஆனால் ஆங்கில இதழ் 1921 ஜனவரி வரை, ஆறரை ஆண்டு நடைபெற்றது. தன் செலவைத் தானே தாங்கிக்கொண்டது.

இது எப்படி இயன்றது? அரசியலைவிட்டு விலகி நின்றதால் தபால் வழி திறந்திருந்தது என்பது ஒரு காரணம். மற்றொன்று, அதன் அமைப்பு. அரவிந்தரின் பெருநூல்கள் பலவும் அதில் தொடர்களாகவே வந்தன. ஒரு தொடரின் இயலைப் படித்தவர் அடுத்த இயலுக்காக அடுத்த மாதத்தை எதிர்பார்த்தார். இதழும் மாதந்தோறும் வந்தது. எதைத் தருவோம் என்று முதலில் சொல்லிற்றோ அதையே கடைசிவரை தந்தது. 'இந்தியா' படத்தால் ஈர்த்தது. 'ஆர்யா' படமே இல்லாமல் ஈர்த்தது. இரண்டும் தத்தம் வாசகர் யாரென்று அறிந்திருந்தன.

தென்னாப்பிரிக்காவில் 1903இல் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையையும் இங்கு நினைவுகூரலாம். தொடக்கத்தில் அதில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. தமிழ், இந்திப் பகுதிகளைச் சரிவர நடத்த ஆள் கிடைக்காதபோது, பெயருக்கு நடத்துவதைவிட நிறுத்துவதே நேர்மை என்று காந்தியடிகள் அவற்றை நிறுத்தினார். பின்னர் விளம்பரங்களையும் கைவிட்டார். சந்தாதாரர்கள் அதனால் விலகிப் போய்விடவில்லை. பத்திரிகையைத் தங்களுடையதாகவே கருதினர். போராட்டக் காலத்தில் சந்தா ஏறத்தாழ 3,500 வரை உயர்ந்ததாகக் காந்தியடிகள் எழுதியுள்ளார்.

மின்னஞ்சலில் புதிய தடையாளர்

கணிப்பொறிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பும் முறையை 1971இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கினார். ஏழே ஆண்டுகளில், 1978 மே மாதம், கணிப்பொறி விற்பனையாளர் ஒருவர் ஏறத்தாழ 400 பேருக்குக் கேளாமலே விளம்பர மடல் ஒன்றை அனுப்பினார். பெற்றவர்கள் கொதித்தெழுந்தனர். வேண்டாத மடல் என்னும் தொல்லை அன்று பிறந்தது.

தபாலில் ஒவ்வொரு மடலுக்கும் அணாக் கணக்கில் செலவாயிற்று. ஆகவே அனுப்புபவர் ஒருமுறைக்கு இருமுறை சிந்தித்தார். மின்னஞ்சலில் அச்செலவு ஏறக்குறைய இல்லை. ஆகவே சிந்தனையும் குறைந்தது. இதைத் தடுக்க மின்னஞ்சல் நிறுவனங்கள் சல்லடைகளை அமைத்தன. இச்சல்லடைகள் மடலில் உள்ள சொற்களை மட்டும் ஆராய்வதில்லை. பெறுபவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்கின்றன. மடலைத் திறக்கிறாரா, மறுமொழி எழுதுகிறாரா, குப்பை என்று ஒதுக்குகிறாரா என்பவை கணக்கில் சேர்கின்றன. பலர் ஒதுக்கினால், அந்த அனுப்புநரின் மடல் மற்றவர்களுக்கும் குப்பைப் பெட்டியிலேயே போய் விழும். 2024 பிப்ரவரி முதல் கூகுள் நிறுவனம், தன் ஜிமெயில் முகவரிகளுக்கு நாள்தோறும் ஐயாயிரமும் அதற்கு மேலும் மடல் அனுப்புவோர்க்குக் கடும் விதி வகுத்துள்ளது. ஒரே தட்டலில் பட்டியலிலிருந்து விலகும் வசதி வேண்டும். குறை கூறுவோர் விகிதம் ஆயிரத்துக்கு மூன்றை எட்டலாகாது.

1910இல் தபால் பையை நிறுத்தியவர் அரசாங்க அதிகாரி. இன்று நிறுத்துபவர் பெறுபவரே. அந்த அதிகாரியின் மனத்தைப் பாரதியாரால் மாற்ற முடியவில்லை. பெறுபவரின் மனத்தையோ இன்றைய கடைக்காரரால் மாற்ற முடியும்.

கடைக்காரர் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து சிறு வணிகர் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உள்ளன. ஆயிரம் பேர் கொண்ட பட்டியல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவர்களுள் 200 பேர் அவ்வப்போது மடலைத் திறக்கின்றனர். 800 பேர் உறங்குகின்றனர். ஆயிரம் பேருக்கும் மேலும் மேலும் அனுப்புவது உறக்கத்தைக் கலைக்காது, எரிச்சலைத்தான் வளர்க்கும். முதலில், 'இந்தியா'வின் சந்தா விகிதம் போல, பெயர்களை வகைப்படுத்த வேண்டும். பருத்திச் சேலை வாங்குபவர் வேறு, பள்ளிச் சீருடை வாங்குபவர் வேறு. சீருடை வாங்குபவருக்கு மே மாதக் கடைசியில் வரும் மடல் பயனுள்ளது. ஐப்பசியில் வரும் அதே மடல் தொல்லை.

இரண்டாவதாக, உறங்கும் 800 பேருக்கும் ஒரே ஒரு நேர்மையான கடிதம் எழுதலாம்: "தொடர்ந்து எழுதட்டுமா, வேண்டாமா?" நூறு பேர் வேண்டும் என்றால் அது லாபம். வேண்டாம் என்பவரை உடனே விடுவிப்பதும் லாபமே. அவர் குறை கூறுபவராக மாறாமல் போகிறார்.

மூன்றாவதாக, விற்பனை அறிவிப்பு மட்டுமே மடலாகாது. சாயம் போகாமல் துவைப்பது எப்படி, கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வேறுபாடு காண்பது எப்படி என்பன போன்ற பயனுள்ள செய்தி ஒன்று ஒவ்வொரு மடலிலும் இருக்கட்டும். குறித்த நாளில் வரட்டும். வாரம் ஒன்று என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் மௌனமாக இருப்பதைவிட, மாதம் ஒன்று என்று சொல்லித் தவறாமல் அனுப்புவது மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மறுமொழி எழுத இடம் வேண்டும். எழுதியவருக்குப் பதில் போக வேண்டும். 'இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்' என்று மடலின் அடியில் அச்சிடும் கடைக்காரர், திரும்பி வரும் கம்பியைத் தம் கையாலேயே அறுத்துக்கொள்கிறார். 1910இல் அதை அறுக்க ஒரு பேரரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாக விளங்குகிறது. கடைவீதியிலிருந்து அங்கு நடந்தே செல்லலாம். அடுத்த முறை கல்லாவில் முகவரி கேட்கும்போது, அதைக் குறித்துக்கொள்ளும் இளைஞரிடம் இந்த வார இதழின் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஒருவேளை அடுத்த மடல் நாம் திறந்து படிக்கத் தக்கதாக வரக்கூடும்.